தணலில் தண்ணீர் தெளிப்பது பற்றி ஒரு திருத்தம்

இறைச்சி சுடும்போது தீ குபீரென்று எழும்பினால் போத்தல் தண்ணீரைத் தெளித்தால் போதும் என்று மேலே ஒரு அண்ணா எழுதியிருக்கிறார், பலரும் அதையே பகிர்ந்திருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அது சரியில்லை.

எரிவது கரி மட்டுமில்லை, அதில் சொட்டும் கொழுப்பும்தான். எரியும் கொழுப்பில் தண்ணீர் பட்டால் அது ஒரு நொடியில் ஆவியாகி விரிந்து, கொழுப்பையும் சாம்பலையும் மேலே தூக்கி எறியும். கைக்கும் ஆபத்து, இறைச்சியிலும் சாம்பல். கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் மொட்டை மாடியில், கடற்காற்று வேறு வீசும்போது, பொறி எங்கே போய் விழும் என்று யாருக்குத் தெரியும்?

செய்ய வேண்டியது, இறைச்சியை இடுக்கியால் தணல் இல்லாத பக்கம் நகர்த்துவது. கரி அடுப்புக்கு மூடி இருந்தால் மூடி, காற்றுத் துவாரங்களையும் அடைத்தால் காற்றில்லாமல் தீ தானாக அடங்கிவிடும்.

நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். சிரட்டைக்கரியை அடுப்பின் ஒரு பாதியில் மட்டும் குவித்து, தோலுள்ள கோழித்தொடை இரண்டில் ஒன்றைத் தணலுக்கு மேலும் மற்றதை வெறும் பக்கத்திலும் வையுங்கள். இரண்டிலும் கொழுப்பு சொட்டும், சுவாலை வருவது தணல் பக்கம் மட்டுமே, அந்தத் துண்டை எடுத்ததும் அதுவும் கொஞ்ச நேரத்தில் தணியும். தண்ணீர் என்ன செய்யும் என்று பார்க்க ஆசையென்றால், எல்லாம் சுட்டு முடித்து கொழுப்பு எரிந்து தீர்ந்த பிறகு, தள்ளி நின்று வெறும் தணலில் நாலு துளி தெளியுங்கள், சாம்பல் கிளம்புவது தெரியும்.