ஆளை விடக் கிளிப் பெரியது, அதுதானே பிரச்சினை?

நேற்று இங்கே நடந்த கூத்தைப் பார்க்காதவர்களுக்கு முன்கதை இது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் நிற்கும், துணி மாட்டும் கிளிப் வடிவ ராட்சதச் சிலையின் படத்தைப் போட்டு, "இதெல்லாம் ஒரு சிலையா?" என்று நண்பர் ஆரம்பித்தார். பொறுமையாகத்தான் பதில் எழுதினேன். "அறிவுஜீவி வந்தாச்சு" என்றார்கள். சரி, வந்தாச்சு.

சிற்பி கிளேஸ் ஓல்டன்பர்க் 1976இல் செய்தது அது. 45 அடி உயரம். எதிரே மாநகராட்சிக் கட்டடத்தின் உச்சியில் அந்த ஊர் இருக்கும் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் வெண்கலத்தில் நிற்கிறார். அவர் 37 அடிதான். குதிரை மேல் வாளோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால், யாரென்றே தெரியாவிட்டாலும் அண்ணாந்து பார்ப்போம். தினமும் கையில் எடுக்கிற சாமான் உயர்ந்து நின்றால் மட்டும் சிரிப்பு வருகிறது.

கிளிப்பை ஒருமுறையாவது உருப்படியாகப் பார்த்திருக்கிறீர்களா? ஒருநாள் என் கையில் ஒன்று கழன்று வந்தது. இரண்டு மரத்துண்டு, ஒரு சுருள் கம்பி. கம்பியின் ஒரு காலைப் பள்ளத்தில் உட்கார வைத்தால் மறுகால் தெறிக்கிறது. தோளில் ஈரத்துணி சொட்ட, கட்டைவிரலில் குத்து வாங்கிக்கொண்டு மாட்டினேன். அத்தனை வருடம் புழங்கிய பொருளை அன்றுதான் பார்த்தேன். ஓல்டன்பர்க்கும் பார்க்கத்தான் வைக்கிறார்.

"பெரிதாக்கினால் கலையாகிவிடுமா?" ஆகாது. கடை வாசலில் காற்றடைத்து நிற்கும் பொம்மையும் பெரிதுதான். ஆனால் மோனா ஹாட்டூம் என்ற கலைஞர் 2002இல் காய் துருவியை ஆளுயர மடக்குத் தட்டியாக்கினார். மறைப்பு தர வேண்டிய தட்டி, தோலை உரித்துவிடும்போல நிற்கிறது. ஜுவானா வாஸ்கொன்செலூஸ் என்ற இன்னொரு கலைஞர் ஸ்டீல் பாத்திரங்களையும் மூடிகளையும் கொண்டு ராட்சத ஹைஹீல்ஸ் ஜோடி செய்தார். 2012இல் அது பிரான்சின் வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் இருந்தது. ராஜாக்கள் உலாவிய தரையில் அடுப்படிச் சாமான்! இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? புரிந்ததால்தான் இவ்வளவு நக்கல் என்பது என் சந்தேகம்.

"காசு வீண்" என்பவர்கள் முதலில் குதிரைச் சிலைகளுக்குக் கணக்குக் கேட்டுவிட்டு வரட்டும்.

"எங்க வீட்டு பால்கனியிலேயே டஜன் கணக்குல சிலை இருக்கு" என்று எழுதியவரே, அவற்றில் துணி மாட்டுவது யார்? மழை வந்தால் ஓடிப்போய் எடுப்பது யார்? பதில் வராது, தெரியும். அந்தக் கமெண்ட்டுக்குச் சிரிப்புப் போட்டவர்களில் எனக்கு நெருக்கமானவர்களும் இருந்தீர்கள். பார்த்தேன்.

பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். வீட்டு வேலைச் சாமான் என்பதாலேயே அது அற்பம் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். அந்த வேலையைச் செய்கிறவள் நான்.