கேர்னல் வந்தது, ஹெடர் எங்கே?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னலை அப்டேட் செய்யும்போது, அதற்கு வெளியே இருந்து டிரைவர் கட்டத் தேவையான ஹெடர் கோப்புகளையும் கூடவே அனுப்பினால் லினக்ஸ் வெளியிடுபவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வெள்ளவத்தையில் ஒரு ரியூஷன் வகுப்பின் மேல்மாடியில் இருந்து இதைத்தான் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐ.சி.டி. படிக்கும் ஓ.எல். பிள்ளைகளுக்காக அங்கே எட்டுப் பழைய கணினிகள் இருக்கின்றன. லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான். ரவுட்டர் கீழ்மாடியில். வயர் இழுக்க வீட்டுக்காரர் விடவில்லை, அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வைஃபை டொங்கிள். அதை இயக்கும் நிரலான டிரைவர் கேர்னலுக்குள் இல்லை, தனி மொடியூலாகச் சேர்க்க வேண்டும். கேர்னல் மாறும்போதெல்லாம் டி.கே.எம்.எஸ். என்ற கருவி அதை மூலநிரலிலிருந்து புதிதாகக் கட்ட, அதாவது கம்பைல் செய்ய வேண்டும். அதற்கு அதே பதிப்பின் ஹெடர் வேண்டும். வேறு பதிப்பின் ஹெடரை வைத்துக் கட்டினால் கேர்னல் அந்த மொடியூலை ஏற்காது.

வகுப்பு நடத்தும் சேர் சனிக்கிழமை அப்டேட் பட்டனை அழுத்தியிருக்கிறார். அவரில் பிழை இல்லை, பாதுகாப்புத் திருத்தம் வந்தால் உடனே போடுங்கள் என்று சொன்னதே நான்தான். புதுக் கேர்னல் வந்தது, ஹெடர் வரவில்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கோல்: "தம்பி, எட்டிலயும் இன்டர்நெட் இல்ல. ஒன்பது மணிக்கு கிளாஸ்."

வைஃபை வர ஹெடர் வேண்டும், ஹெடரை இறக்க வைஃபை வேண்டும். திறப்பை உள்ளே வைத்து அலுமாரியைப் பூட்டியது போல. பழைய கேர்னலிலேயே கணினியைத் தொடக்கலாமே என்பீர்கள். சின்ன டிஸ்க், ஒன்றுக்கு மேல் வைக்க இடமில்லை.

சரி என்று என் போனை யூ.எஸ்.பி. வயரில் மாட்டி, ஓடிக்கொண்டிருக்கும் பதிப்பின் எண்ணைக் கொடுத்து ஹெடரைக் கேட்டேன். அப்படியொரு மென்பொருள் பொதியே இல்லை என்றது! ஒரே இரவில், பொதிகளை வைத்திருக்கும் இணையக் களஞ்சியத்தில் அடுத்த பதிப்பை ஏற்றி, முந்தையதைத் தூக்கிவிட்டார்கள். நேற்று நீங்களே தந்த கேர்னலுக்கு இன்று ஹெடர் இல்லை என்றால் அதை நம்பிப் போட்டவன் எங்கே போவது? மறுபடி கேர்னல், மறுபடி ரீபூட், பிறகு ஹெடர், பிறகு டிரைவர். இப்படி எட்டுத் தடவை, என் டேட்டாவில். கிளாஸ் நடக்கவில்லை. தெஹிவளையிலிருந்து பஸ்ஸில் வந்த பிள்ளைகள் திரும்பிப் போனார்கள்.

இதில் ஒவ்வொரு லினக்ஸ் வெளியீட்டிலும் ஒவ்வொரு பெயர் என்ற குழப்பம் வேறு. டெபியனில் மொடியூல் கட்ட 'லினக்ஸ்-ஹெடர்ஸ்' வேண்டும். ஃபெடோராவில் 'கேர்னல்-ஹெடர்ஸ்' என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது சாதாரண சி நிரல்களைக் கம்பைல் செய்வதற்கு. மொடியூல் கட்ட அங்கே 'கேர்னல்-டெவெல்'. அந்த சி நிரல் வேலைக்கு டெபியனில் 'லினக்ஸ்-லிப்சி-டெவ்', ஆர்ச்சில் 'லினக்ஸ்-ஏ.பி.ஐ.-ஹெடர்ஸ்'. ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தருகிறது. புதிதாக வருபவன் பெயரைப் பார்த்து நிறுவினால் ஏமாறத்தான் செய்வான்.

ஹெடருக்குப் பதில் கேர்னலின் மூலநிரல் பொதியைப் போடு என்று ஆலோசனை சொல்பவர்களும் உண்டு. டெபியனில் அதைப் போட்டால் நூறு எம்.பி.க்கு மேற்பட்ட ஓர் அமுக்கிய கோப்பு வந்து யூ.எஸ்.ஆர். எஸ்.ஆர்.சி. என்ற அடைவுக்குள் சும்மா கிடக்கும். மொடியூலுக்குத் தேவை அந்தக் குறிப்பிட்ட கேர்னலை எந்தத் தெரிவுகளோடு கட்டினார்கள் என்று சொல்லும் அமைப்புக் கோப்பும், மொடியூல்கள் அழைக்கக்கூடிய கேர்னல் செயற்கூறுகளின் குறியீட்டுப் பட்டியலும். அவை ஹெடர் பொதியோடுதான் வருகின்றன.

எல்லோருக்கும் ஹெடர் தேவையில்லை, இடம் பிடிக்கும் என்கிறார்கள். சேர்வர்களுக்கு அது நியாயம். ஆனால் டி.கே.எம்.எஸ்.ஸில் ஒரு டிரைவர் பதிவாகியிருக்கும் கணினிக்குத் தேவை என்பது தெரிந்த விஷயம்தானே? அங்கே ஹெடர் கிடைக்காவிட்டால் கேர்னல் அப்டேட்டையே நிறுத்திவைக்க வேண்டும். உபுண்டுவின் 'லினக்ஸ்-ஜெனரிக்' என்ற பொதி கேர்னலையும் ஹெடரையும் சேர்த்தே இழுக்கிறது. டெபியன் பழைய பொதிகளை ஸ்னாப்ஷொட் களஞ்சியத்தில் காத்து வைத்திருக்கிறது. செய்ய முடியாத வேலை ஒன்றும் இல்லை.

பதிப்பு எண்ணோடு ஹெடரை நிறுவச் சொல்லும் வழிகாட்டிகளையும் தயவுசெய்து திருத்துங்கள். அப்படி நிறுவினால் அந்த ஒரு பதிப்போடு சரி, அடுத்த கேர்னலுக்கு ஹெடர் தானாக வராது. எண் இல்லாத பொதுப் பொதியைச் சொல்லிக் கொடுங்கள். எட்டிலும் இப்போது அதைத்தான் போட்டிருக்கிறேன். இன்று இன்னொரு கேர்னல் அப்டேட் வந்து நிற்கிறதாம். நான் வரும்வரை தொட வேண்டாம் என்று சேரிடம் சொல்லியிருக்கிறேன்.