பொய்க்காத கணக்கும் பொய்த்த வாக்கும்

(இடம்: அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், லயோலா பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு முடிதிருத்தகம். சுவர்த் தொலைக்காட்சியில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் கூடைப்பந்தாட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. நாற்காலியில் அமர்ந்திருப்பவர் அண்மையில் இவ்வூருக்குக் குடிவந்த ஒரு கணக்காளர்.)

முடிதிருத்துநர்: கவலையை விடுங்கள், ஐயா. முப்பது ஆண்டுகளாகத் தலைகளோடு பழகியவன் சொல்கிறேன். இன்னும் இருபது ஆண்டுகளுக்கு உங்கள் தலைமுடிக்கு ஒரு குறையும் வராது.

கணக்காளர்: உங்கள் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். அது இருக்கட்டும், இப்போது பந்தைத் தள்ளிவிட்டாரே, அந்தப் பாட் ஸ்பென்சர் யார்?

முடிதிருத்துநர்: (கத்தரிக்கோலை நிறுத்தி) இந்தத் தெருவில் அமர்ந்துகொண்டு கேட்கக்கூடிய கேள்வியா இது? 2016 முதல் 2019 வரை இதோ இந்த லயோலாவுக்காக நான்கு பருவங்கள் லாக்ரோஸ் ஆடியவர். நுனியில் வலை கட்டிய மட்டையால் பந்தை ஏந்தியும் எறிந்தும் கோல் போடும் ஆட்டம் அது. அதில் இவர் அட்டாக்மேன், அதாவது தாக்குதல் ஆட்டக்காரர். தாமாக 149 கோல் போட்டார். மற்றவர்கள் கோல் போடுவதற்காக 231 முறை பந்தை எடுத்துக் கொடுத்தார்.

கணக்காளர்: 149 வரவு, 231 செலவு. அப்படியானால் 82 நட்டத்தில் அல்லவா படிப்பை முடித்திருக்கிறார்?

முடிதிருத்துநர்: லாக்ரோஸில் கொடுத்ததையும் வரவில்தான் எழுதுவார்கள், ஐயா. ஆக மொத்தம் 380 புள்ளிகள். கல்லூரி லாக்ரோஸின் மேல்மட்டமான முதல் பிரிவில் அப்போது அவருக்கு மேல் இருந்தவர் 400 புள்ளிகள் எடுத்த ஆல்பனி பல்கலைக்கழகத்தின் லைல் தாம்ப்சன் ஒருவரே. ஆனால் எடுத்துக் கொடுத்த கணக்கில் தாம்ப்சனின் 225-ஐயும் இவர் தாண்டிவிட்டார்.

கணக்காளர்: கொடுத்தால் பெருகும் கணக்கை நான் எந்தப் பேரேட்டிலும் கண்டதில்லை. இந்த ஊரில் லாக்ரோஸுக்கு இவ்வளவு மதிப்பா?

முடிதிருத்துநர்: 2004-இல் மேரிலாந்து மாநிலம் அதைத் தன் அதிகாரபூர்வ அணி விளையாட்டாகவே அறிவித்தது. அணி விளையாட்டு என்று அடைமொழி போட வேண்டியதாயிற்று. ஏனென்றால் மாநில விளையாட்டு என்ற பட்டத்தை 1962-லேயே குதிரையேறி ஈட்டியேந்திப் பாயும் ஆட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கணக்காளர்: குதிரை வாங்க வசதியில்லாதவர்களுக்கு லாக்ரோஸ் என்று வைத்துக்கொள்கிறேன். இவர் எங்கே நின்று ஆடுவார்?

முடிதிருத்துநர்: பெரும்பாலும் கோலுக்குப் பின்னால்.

கணக்காளர்: வாசல் முன்பக்கம் இருக்கும்போது கொல்லைப்புறத்தில் அவருக்கு என்ன வேலை?

முடிதிருத்துநர்: அதில்தான் சூட்சுமமே இருக்கிறது. லாக்ரோஸில் கோல், களத்தின் கடைசிக் கோட்டிலிருந்து 15 கஜம் உள்ளே தள்ளி நிற்கும். அட்டாக்மேன் பந்தை மட்டையின் வலையில் ஏந்திக்கொண்டு அந்தப் பின்கட்டில் நின்றால், கோல்காப்பாளர் அவரைப் பார்ப்பதற்குத் திரும்பியே ஆக வேண்டும்; அவர் திரும்பிய நொடியில் அவருடைய முதுகுக்குப் பின்னால், அதாவது கோலுக்கு நேர் முன்னால், ஸ்பென்சரின் தோழர் ஒருவர் ஓடிவந்து சேர, பந்து தலைக்கு மேலாகப் பறந்து அந்தத் தோழரின் மட்டை வலையில் விழும். இவ்வளவும் நடக்கும்போது ஆறடி நீள மட்டை வைத்திருக்கும் தடுப்பாட்டக்காரர் ஒருவர் ஸ்பென்சரின் கையுறையிலும் மட்டையிலும் அடித்துக்கொண்டே இருப்பார். அதற்கு விதியில் இடமும் உண்டு.

கணக்காளர்: அடி வாங்கிக்கொண்டே தானம் செய்கிறவர் என்று சொல்லுங்கள். இவர் பெரிய ஆளாவார் என்று நீங்கள் அன்றே கணித்திருப்பீர்களே?

முடிதிருத்துநர்: (சற்றுத் தயங்கி) கணித்தேன். 2016-இல் முதலாண்டு மாணவராக அவரைப் பார்த்தபோது, ஆறடி மட்டையில் நாலு அடி விழுந்தால் பையன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போய்விடுவான் என்றேன். அந்த ஆண்டே லயோலா தேசிய அரையிறுதிக்குப் போனது.

கணக்காளர்: ஒருமுறை தவறுவது இயல்புதானே.

முடிதிருத்துநர்: ஆண்டின் சிறந்த வீரருக்குத் தரும் டெவாராட்டன் விருது அவருக்குக் கிட்டாது என்றேன், 2019-இல் கிட்டிவிட்டது. அதே ஆண்டு தொழில்முறை லாக்ரோஸ் லீக்கின் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது ஆர்ச்சர்ஸ் அணி அவரை முதலாமவராக எடுத்தது; கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார் என்று இந்த நாற்காலியில் உட்கார்ந்த அத்தனை பேரிடமும் சொன்னேன்.

கணக்காளர்: போடவில்லையா?

முடிதிருத்துநர்: கல்லூரி விதிப்படி ஒரு விளையாட்டில் நான்கு பருவங்கள் முடிந்தாலும், ஐந்தாம் ஆண்டில் வேறொன்றை ஆடலாம். அவர் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கூடைப்பந்து ஆடினார்! பள்ளியில் ஆடியதோடு விட்டுப்போன ஆட்டம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தவர் களமிறங்காமல் பெஞ்சைத் தேய்த்துவிட்டுத் திரும்புவார் என்றேன். அவரோ ஆட்டத்துக்குச் சராசரி 10.4 புள்ளிகள் எடுத்ததோடு, பந்து எடுத்துக் கொடுப்பதில் அணிக்கே முதல்வராக நின்றார். சரி, இப்படிப்பட்டவர் இருக்கும் அணியாவது வெல்லும் என்று வாக்கை மாற்றினேன்.

கணக்காளர்: வென்றதா?

முடிதிருத்துநர்: 8 வெற்றி, 23 தோல்வி.

கணக்காளர்: இரண்டு பக்கமும் தவறுவதற்கும் ஒரு திறமை வேண்டும்.

முடிதிருத்துநர்: பிறகு ஜெர்மனியில் ஹாம்பர்க், அதன்பின் வாஷிங்டனிலும் சான்டா குரூசிலும் என்.பி.ஏ. என்னும் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் கிளை அணிகள் என்று அலைந்தார். ஓராண்டில் களைத்துப்போய் மட்டையைத் தேடி வருவார் என்றேன். 2024 பிப்ரவரியில் வாரியர்ஸ் அவரைக் கிளை அணிக்கும் தாய் அணிக்கும் பொதுவான ஒப்பந்தத்தில் எடுத்தது. 2025 மார்ச்சில் முழு ஒப்பந்தமே கொடுத்துவிட்டது. அண்ணனைப் பார்த்துத் தம்பி கேம் ஸ்பென்சரும் கெட்டுப்போவார் என்று சொல்லியிருந்தேன். அவர் லயோலாவில் தொடங்கி, 2024-இல் கனெக்டிகட் அணியோடு கல்லூரிக் கூடைப்பந்தில் தேசியப் பட்டம் வென்றார்.

கணக்காளர்: மட்டையைப் பிடித்த கைக்குக் கூடைப்பந்து எப்படி ஐயா வசப்பட்டது?

முடிதிருத்துநர்: கையை விடுங்கள், கண்ணைப் பாருங்கள். காவல் இல்லாமல் எவன் நிற்கப்போகிறான் என்பதை அவன் போய் நிற்பதற்கு முன்பே கண்டுகொள்வதுதான் பின்கட்டில் அவர் நான்கு ஆண்டுகள் செய்த வேலை. இதோ, திரையில் இப்போதும் அதையேதான் செய்கிறார்.

(கணக்காளர் போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து விரல்விட்டு எண்ணுகிறார்.)

கணக்காளர்: முதலாண்டு, விருது, கையெழுத்து, பெஞ்சு, அணியின் வெற்றி, மட்டைக்குத் திரும்புவது, தம்பி. நீங்கள் சொன்னவை ஏழு, பலித்தது பூஜ்யம். ஐயா, நான் வந்து உட்கார்ந்ததும் என் முடியைப் பற்றி என்ன சொன்னீர்கள்?

முடிதிருத்துநர்: இருபது ஆண்டுகளுக்கு ஒரு குறையும் வராது என்று...

கணக்காளர்: (பதறி எழுந்து) உடனே அதைத் திரும்பப் பெறுங்கள்! இந்தக் கிறிஸ்துமஸுக்குள் என் தலை முழுவதும் வழுக்கையாகிவிடும் என்று தெளிவாக, உரத்த குரலில் சொல்லுங்கள்.

முடிதிருத்துநர்: தொழில் செய்கிறவன் தன் வாயால் சொல்லக்கூடிய வார்த்தையா இது?

கணக்காளர்: இரட்டிப்புக் கூலி தருகிறேன்.

முடிதிருத்துநர்: (தொண்டையைச் செருமிக்கொண்டு) கிறிஸ்துமஸுக்குள் உங்கள் தலையில் ஒரு முடிகூட மிஞ்சாது, ஐயா.

கணக்காளர்: (நிம்மதியாகச் சாய்ந்து) இப்போது வெட்டுங்கள். பக்கவாட்டில் மட்டும் கொஞ்சம் குறைத்தால் போதும்.