இடாலிஸ் ஓர்டிஸை லண்டன் தங்கத்தோடு முடித்துவிட்டீர்களே!

கியூபாவின் ஜூடோ வீராங்கனை இடாலிஸ் ஓர்டிஸ் பற்றிய உங்கள் கட்டுரை அருமை. ஆனால் 2012 லண்டன் தங்கத்தோடு நிறுத்தியிருக்க வேண்டாம். 78 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் 2008 பெய்ஜிங்கில் வெண்கலம், லண்டனில் தங்கம், ரியோவிலும் டோக்கியோவிலும் வெள்ளி என்று தொடர்ந்து நான்கு ஒலிம்பிக்கில் பதக்கம்! நடுவில் 2013, 2014 இரண்டு வருடமும் உலக சாம்பியன் வேறு.

லண்டன் இறுதிப்போட்டியில் ஜப்பானின் மிகா சுகிமோட்டோவோடு கூடுதல் நேரம் வரை போயும் இருவருக்கும் புள்ளி இல்லை, நடுவர்கள் தீர்ப்பில்தான் தங்கம் கிடைத்தது. டோக்கியோ இறுதிப்போட்டியில் தன்னைவிடப் பத்து வயதுக்கும் மேல் இளைய ஜப்பானின் அகிரா சோனேயிடம் அபராதங்களால்தான் தோற்றார். சோனேயால் அவரைத் தூக்கிப் போட முடியவில்லை. எனக்கு அந்த வெள்ளிதான் பெரிது. அப்புறம் பாரிஸிலும் களமிறங்கினார், அது ஐந்தாவது ஒலிம்பிக். அதையும் சேர்த்து எழுதுங்கள்.