மலையைக் காத்த பிள்ளைகளுக்கு ஊரில் என்ன வைத்திருக்கிறோம்?

போன வாரம் என் அண்ணன் மகன் திருப்பூருக்குக் கிளம்பினான். மேலூர் பஸ் நிலையம் வரை கொண்டுபோய் விட்டது நான்தான். பனியன் கம்பெனியில் வேலை, தங்க இடமும் கொடுக்கிறார்களாம். 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று நடந்தோமே, அந்தக் கூட்டத்தில் எனக்கு முன்னால் போனவன் அவன். கத்திக் கத்தித் தொண்டை கட்டி, இரண்டு நாள் அவனுக்குப் பேச்சே வரவில்லை. பதினாறு நாள் கழித்து, ஜனவரி 23 அன்று, ஒன்றிய அரசு அந்தச் சுரங்க ஏலத்தை ரத்து செய்தது. எங்கள் தெருவில் அன்று தூங்கியவர்கள் குறைவு.

பஸ்ஸில் ஏறும்போது கேட்டான்: "இங்கேயே இருந்தால் நான் என்ன வேலை பார்ப்பது? நீங்களே சொல்லுங்கள் சித்தப்பா." நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரமாக அந்தக் கேள்விதான் மண்டைக்குள் ஓடுகிறது.

ஏலம் விட்ட பரப்பு 2015.51 ஹெக்டேர். அதற்குள்தான் அரிட்டாபட்டியும் வந்தது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசே அறிவித்த இடம். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டும் சேர்ந்து 193 ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேல். ஏழு குன்றுகள், சமணர் படுக்கைகள், தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு, குடைவரைச் சிவன் கோயில், சுமார் 250 வகைப் பறவைகள். லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் அந்தப் பாறை இடுக்குகளில்தான் வாழ்கின்றன. இவ்வளவையும் இத்தனை காலம் பாதுகாத்தது யார்? ஆடு மேய்க்கிறவர்களும் நெல் விதைக்கிறவர்களும்தான். எந்த அரசாணையும் வருவதற்கு முன்பே சாமி மலை என்று அவர்கள் கல்லை உடைக்க விடவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மேலூர் வட்டாரத்தில் கிரானைட் குவாரிகள் ஓடிய காலத்தில் எங்கள் ஊரில் காசு புழங்கியது. என் மாமா லாரி ஓட்டினார். அந்தச் சம்பளத்தில்தான் அவர் வீட்டுக்குத் தளம் போட்டது, மகளைக் கட்டிக்கொடுத்தது எல்லாம். 2012இல் முறைகேடுகள் வெளிவந்து குவாரிகள் நின்றபோது அவருக்கு ஐம்பது வயது, வேறு தொழில் தெரியாது. குவாரியை நிறுத்தியது சரி என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஆனால் நிறுத்தியவர்களில் ஒருவர்கூட என் மாமாவிடம் வந்து அடுத்த மாதம் அடுப்புக்கு என்ன செய்வாய் என்று கேட்கவில்லை. அந்தக் கசப்பு ஊரில் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு புதிய திட்டக்காரரும் "வேலை தருகிறோம்" என்ற சொல்லோடு வரும்போது நாலு பேராவது நின்று கேட்பது அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு வருகிற நண்பர்களிடமும் ஒரு வார்த்தை. நீங்கள் வருவதில் எனக்கு மகிழ்ச்சி. பறவைகளைக் கணக்கெடுத்து எழுதியவர்கள் இல்லாவிட்டால் அந்த அரசாணையே வந்திருக்காது. ஆனால் "இந்த ஊர் இப்படியே இருக்க வேண்டும்" என்று நீங்கள் எழுதும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது. நீங்கள் படம் எடுக்கிற ஓட்டு வீடு ஐப்பசியில் ஒழுகும். சாயங்கால பஸ்ஸைத் தவறவிட்ட கல்லூரிப் பெண் இருட்டில் நடந்து வருகிறாள். அவளுக்கு இன்னொரு பஸ் விடுவதால் எந்த வல்லூறும் கூட்டைவிட்டுப் பறந்துவிடாது.

என் மனதில் இருப்பது இதுதான்: ஊருக்கு வருமானம் தருகிற வேலையும் மலையைக் காக்கிற வேலையும் எங்கள் பக்கத்தில் ஒரே வேலை. அது கண்மாய் வேலை, அதாவது எங்கள் ஏரிகளைப் பராமரிக்கிற வேலை.

வெறும் பாறையில் பெய்கிற மழை உள்ளே இறங்காது, ஒரே மணி நேரத்தில் வழிந்து ஓடிவிடும். அதைப் பிடித்து வைக்கத்தான் மலையடியில் இத்தனை கண்மாய்களையும் ஊருணிகளையும் வெட்டினார்கள். அரிட்டாபட்டியில் மட்டும் 72 ஏரிகள், 200 சுனைகள் என்று அரசின் அறிவிப்பே சொல்கிறது. மேலூர்ப் பகுதியில் 85,563 ஏக்கர் பெரியாறு பாசனத்தில் ஒரு போகம். அணையில் தண்ணீர் போதவில்லை என்றால் அந்த ஒரு போகமும் கேள்விக்குறி. அப்போது கைகொடுப்பது மலைத்தண்ணீர்தான்.

போன ஐப்பசி மழை விட்ட மறுநாள் கண்மாய்க்கு மலைத்தண்ணீர் கொண்டுவருகிற எங்கள் வரத்துக்கால் வழியே மேல்நோக்கி நடந்தேன். மாட்டுவண்டி இறங்கி ஏறும் அகலம் இருந்ததாக அப்பத்தா சொல்லும். ஓரிடத்தில் என் காலால் அளந்தேன்: மூன்று எட்டு. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் கைகோத்து நிற்கிறது. அதற்கு மேலே ஒரு மண்சாலை குறுக்கே போகிறது, அடியில் தண்ணீர் போக ஒரே ஒரு சிமென்ட் குழாய். அதன் வாயில் மட்டையும் பாலித்தீன் பைகளும் அடைத்துக்கொண்டு, தண்ணீர் சாலையின் மேலேறி, கலர் கொடி நட்ட மனைப்பிரிவுக்குள் போய்க்கொண்டிருந்தது. செம்மண் நிறத்தில், நுரையோடு, முழங்கால் அளவு. கண்மாயில் அன்று முக்கால் பங்கு தரை தெரிந்தது. குனிந்து குழாய் வாயைக் கையால் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

இந்தக் கால்களைத் தூர்வாருவது, மடையைப் பழுது பார்ப்பது, மிகுந்த தண்ணீர் வழிகிற கலுங்கைக் கட்டுவது, நீர் பாய்ச்சுபவருக்குக் கூலி, கரையில் பனை வைப்பது, வண்டல் மண்ணை வயலுக்கு அடிப்பது: எவ்வளவு பேருக்கு எத்தனை மாத வேலை! நூறு நாள் வேலையில் மேல்மண்ணைச் சுரண்டிக் கணக்கு எழுதியதைச் சொல்லவில்லை. அளந்து, எல்லைக்கல் நட்டு, ஊர் ஆட்களே மேற்பார்க்கிற வேலையைச் சொல்கிறேன். கண்மாய் நிறைந்தால் நெல், வைக்கோல், மாடு, பால் என்று அடுத்தடுத்து வருகிறது. கோடையில் தண்ணீர் வற்றிக் கண்மாய் அழிகிற மீன்பிடித் திருவிழா அன்று பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவும் கூடையுமாக ஆயிரம் பேர் இறங்குகிறார்களே, அந்தக் கூட்டத்தில் திருப்பூரிலிருந்து லீவு போட்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஊரை விட்டுப்போக அவர்களுக்கு ஆசையில்லை.

சட்டத்திலும் வழி இருக்கிறது. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். பாரம்பரியத் தலமாக அறிவித்தால் ஆடு மேய்க்க விடமாட்டார்கள் என்ற பயம் எங்கள் ஊர்களில் இருந்தது. மக்களின் வழக்கமான புழக்கத்துக்குத் தடை போடுவது அந்த அறிவிப்பின் நோக்கமே இல்லை என்று வீடு வீடாகச் சொல்லியிருக்க வேண்டும். வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது, வல்லூறு குஞ்சு வைக்கும் காலத்தில் பாறையேற விடாமல் தடுப்பது எல்லாம் ஊர்ப் பிள்ளைகளுக்கான சம்பள வேலையாகட்டும். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்களை இனிப்புக் கொடுத்துப் பாராட்டுகிறார்கள். நல்ல வழக்கம். அந்த ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கும் ஏதாவது செய்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஊரில் இளைஞர்களே இல்லாமல் போனால் அடுத்த ஏல அறிவிப்பு வரும்போது தல்லாகுளம் வரை யார் நடப்பது? என் முழங்கால் இப்போதே வலிக்கிறது.

வருகிற மே 1 கிராம சபையில் இரண்டு தீர்மானங்கள் கொடுக்கப் போகிறேன். வரத்துக்காலை மலையடியிலிருந்து கண்மாய் வரை அளந்து எல்லைக்கல் நட வேண்டும். அந்த மண்சாலைக்கு அடியில் குழாயை எடுத்துவிட்டுப் பாலம் கட்ட வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் வெளியூரில் எங்கிருந்தாலும் அன்று வந்துவிடுங்கள். அண்ணன் மகனிடம் நேற்று இரவு போனில் சொல்லிவிட்டேன். மே தினம், கம்பெனி லீவுதான், வருகிறேன் என்றான்.