கோட் கையில இரிக்கிறதுக்காக எல்லா ஓஎஸ்லயும் ஓடாது

மேல ஒரு தம்பி எழுதியிரிக்கார், ஓப்பன் சோர்ஸ் எண்டா கோட் (புரோகிராம எழுதின வரிகள்) கையில இரிக்கு, எந்த ஓஎஸ்லயும் (விண்டோஸ், மேக், லினக்ஸ் மாதிரி) கொம்பைல் பண்ணினா (மெஷினுக்கு விளங்கிற மாதிரி மாத்தினா) ஓடும், ஓடாட்டி எழுதினவர்ட சோம்பல் எண்டு. முதல் பாதி கொஞ்சம் சரி, மிச்சம் பிழை.

போன மாசம் கல்லடியில ஃபிரெண்ட் ஒருத்தன்ட வீட்டில இருந்து நான் உபுண்டுல (லினக்ஸ்ல ஒரு வகை) எழுதின சின்ன ஸ்க்ரிப்ட்ட அவன்ட மேக்ல போட்டன், ரெண்டும் யுனிக்ஸ் எண்ட பழைய ஓஎஸ்ட வழிதானே எண்டு நம்பித்தான், முதல் வரியே எரர். செட் (எஸ் இ டி, ஃபைலுக்குள்ள எழுத்த மாத்திறது) கமாண்டில மைனஸ் ஐ (அதே ஃபைலயே மாத்து எண்டுறது) குடுத்திருந்தன், உபுண்டுல இரிக்கிறது க்னூ ஆக்கள் எழுதின செட், அதுக்கு அது போதும், மேக்ல இரிக்கிறது பிஎஸ்டி எண்ட வேற யுனிக்ஸ் வழில வந்த செட், அது மைனஸ் ஐக்குப் பின்னால வாறத பேக்கப் ஃபைல்ட எக்ஸ்டென்ஷன் எண்டு எடுத்து, மறுகா ஃபைல்ட பேரையே கமாண்டா வாசிக்கப் பாக்கும். மைனஸ் ஐயோட ஒட்டி டொட் பேக் எண்டு போட்டா ரெண்டிலயும் ஓடும், எனக்கு அது தெரிய ஒரு பிளேன்டீ ஆறிப் போச்சு.

விண்டோஸ் இன்னும் மோசம். 64 பிட் லினக்ஸ்ல லோங் (சி மொழில முழு எண் வெக்கிற வகை) 8 பைட், 64 பிட் விண்டோஸ்ல 4 பைட்தான், கொம்பைல் ஆகும், பெரிய நம்பர் வந்தா கணக்குப் பிழைக்கும். இதுக்குத்தான் சி99ல (சி மொழிட 1999 வேர்ஷன்) வந்த இன்ட்64_டி எல்லாம், அது எங்கயும் 8 பைட். ஒக்ஸ் டொட் சி (ஏ யு எக்ஸ்) எண்டு ஃபைலுக்குப் பேர் வெச்சா விண்டோஸ்ல கிட் குளோனே (கோட் முழுக்க இறக்கி எடுக்கிறது) ஒழுங்கா முடியாது, அந்தப் பேர் விண்டோஸுக்கு முந்தின டொஸ் காலத்தில இருந்து ரிசர்வ்.

எழுதினவர்ட்ட மேக் இல்லாட்டி அவர் எப்பிடித் தம்பி டெஸ்ட் பண்ற? ஏசாம எரர் மெசேஜையும் ஓஎஸ் வேர்ஷனையும் கொப்பி பண்ணி அந்த ப்ரொஜெக்ட் பக்கத்தில இஷ்யூ (பிழை அறிவிப்பு) ஒண்டு போடுங்க.