மானுக்கு எந்தத் தேதி?

(ரஷ்யாவில், ஓகா ஆற்றங்கரையில் ஒரு வீடு.)

பாட்டி: துண்டைக் கீழே வை. இன்றைக்கு ஆற்றில் இறங்கக் கூடாது.

பேத்தி: வெயில் 33 டிகிரி, பாட்டி!

பாட்டி: இருக்கட்டும். ஆகஸ்ட் 2 ஆகிவிட்டது. இலியா ஆற்றில் ஐஸ் கட்டியைப் போட்டுவிட்டார்.

பேத்தி: எதிர்வீட்டு டிராக்டர் இலியாவா? அவர் ஐஸ் போட்டால் கிளாஸில்தானே போடுவார்?

பாட்டி: வாயைக் கழுவு! பைபிளில் எலியா என்கிறார்களே, நெருப்புத் தேரில் வானத்துக்குப் போன தீர்க்கதரிசி, அவர். இடி இடிக்கிறதே, அது அவர் தேர் ஓடுகிற சத்தம். அவர் நாளோடு ஆற்றுக் குளியல் முடிந்தது. மானும் வந்து குளம்பை நனைத்துத் தண்ணீரைக் குளிராக்கிவிட்டுப் போயிருக்கும்.

பேத்தி: இந்த ஓகாக் கரையில் நான் ஒரு மானைக்கூடப் பார்த்ததில்லை.

பாட்டி: பதினொரு மணிக்கு எழுந்தால் எப்படிப் பார்ப்பாய்?

பேத்தி: அம்மா ஊரில், மான் தண்ணீரில் ஒன்றுக்குப் போய்விட்டது என்றுதான் சொல்வார்களாம்.

பாட்டி: அதைத்தான் நான் நாகரிகமாகக் குளம்பு என்றேன்.

(அடுப்பில் திராட்சை ஜாம். கரண்டியால் இளஞ்சிவப்பு நுரையை வழித்துச் சாசரில் விடுகிறார். அந்த நுரை பேத்திக்கு. லஞ்சம்தான்.)

பேத்தி: நேற்று மட்டும் குளித்தோமே?

பாட்டி: நேற்று நல்ல தண்ணீர். பேதுருவும் பவுலும் தங்கள் திருநாளில் பகலில் ஒரு மணி நேரத்தைக் குறைத்தார்கள், இலியா இரண்டை இழுத்துக்கொண்டு போனார் என்று சும்மாவா சொன்னார்கள்? இரவு நீண்டால் ஆறு குளிராதா?

பேத்தி: 1800 முதல் 1899 வரைக்கும் இந்த நாள் ஆகஸ்ட் 1-ல் வந்தது, தெரியுமா? சர்ச் பழைய காலண்டரின் ஜூலை 20-ஐ விடவில்லை. அதற்கும் புதிய காலண்டருக்கும் 12 நாள் வித்தியாசம் இருந்தது, அப்புறம் 13 ஆனது. 2100-ல் 14 ஆகும். அப்போது உங்கள் மான் ஆகஸ்ட் 3-ந் தேதிதான் வரும்.

பாட்டி: அதுவரை நானா இருக்கப் போகிறேன்? மானை நீ பார்த்துக்கொள்.

பேத்தி: சித்தப்பா எங்கே?

பாட்டி: ரியாசான் நகரத்துக்கு. பாராசூட் படை நாள் இல்லையா! கோடு போட்ட பனியன், நீலத் தொப்பி, எல்லாம் நான்தான் எடுத்து வைத்தேன்.

பேத்தி: அதுவும் ஆகஸ்ட் 2-தானா?

பாட்டி: 1930-ல் வரோனெஷ் நகரத்துப் பக்கம் 12 பேர் குதித்தார்களே, அந்த நாள்.

பேத்தி: அவர்கள் விமானத்திலிருந்து குதித்தார்கள். சித்தப்பா நீரூற்றுத் தொட்டிக்குள் குதிக்கிறார். போன வருஷம் தர்பூசணியோடு.

பாட்டி: தொட்டிக்கு மான் வராது.

பேத்தி: போலீஸ் வரும்.

பாட்டி: அந்தப் படைக்கு இலியாதான் காவல்.

பேத்தி: ஐஸ் போட்டதும் அவரே, காவலும் அவரேவா?

பாட்டி: உன் சித்தப்பாவுக்குக் குளிர் எங்கே தெரியப் போகிறது? காலையிலேயே அரை பாட்டில் உள்ளே போயிருக்கும்.

பேத்தி: ஆக, குடித்தவர் தண்ணீரில் குதிக்கலாம், பனியனும் எடுத்துக் கொடுப்பீர்கள். குடிக்காதவளுக்குத்தான் மான்.

(நுரை சாசரைத் தாண்டி வழிகிறது.)

பாட்டி: சரி, சரி. காலை மட்டும் நனைத்துவிட்டு வா.

பேத்தி: உங்கள் ஊர் மான் மாதிரியா, அம்மா ஊர் மான் மாதிரியா?

பாட்டி: துண்டை எடுத்துக்கொண்டு ஓடு!